அயனி மரத்துக்குக் கொண்டுபோன கனல்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அயனி மரத்தின் கவட்டையில் கட்டிய பரண்மேல், தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இடது கால் மரத்துப்போய் வெகுநேரம் ஆகிவிட்டது. வலது கால் இருக்கிறதா என்பதைக் கையால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழே அக்காவின் மரச்சீனி விளை, அதாவது மரவள்ளிக்கிழங்குத் தோட்டம். அதற்கும் கீழே பேச்சிப்பாறை அணைத் தண்ணீர். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வருகிற காற்று, போவதற்கு வேறு இடமே இல்லாத மாதிரி நேராக என் காதுக்குள் வந்து நுழைகிறது.

பக்கத்தில் ராஜகுமார். என் மனைவியின் தம்பி, ஜீப் ஓட்டுகிறவன். அவன் மடியில் நாட்டுத் துப்பாக்கி. பன்றி வந்தால் நான் டார்ச் அடிக்க வேண்டும், அவன் சுட வேண்டும். அதுவரை இரண்டு பேரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, அசையக்கூடாது.

என் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு மண்சட்டி. அதில் சாம்பல் போட்டு மூடிய தேங்காய்ச் சிரட்டைக் கனல். மேலே கையைக் காட்டினால் சூடு உள்ளங்கை வழியாக ஏறி நெஞ்சுவரைக்கும் வரும். அந்த நேரத்தில் எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்தச் சட்டி ஒன்றுதான்.

கருங்கல் ஊரில் பெயிண்ட் கடை வைத்தது, கடனுக்கு வாங்கியவர்களுக்குப் பயந்து நானே பின்வாசல் வழியாக ஓடியது என்று இந்தப் பத்திரிகைத் தொடரில் இத்தனை வாரமாகச் சிரிக்கிற விஷயமாகவே எழுதிவந்தேன். இந்த வாரம் அந்த மண்சட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். ஆறேழு வருஷமாக எழுதாமலும் சொல்லாமலும் வைத்திருந்தது.

குமரியில் குளிரா?

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கன்னியாகுமரி என்றால் கடல், வெயில், வேர்வை என்றுதான் அவர்களுக்குத் தெரியும். தை மாதத்தில் ஒருநாள் அணைக்கரையில் மரத்தின்மேல் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

நடக்கிறவனுக்குக் குளிர் தெரியாது. மண் வெட்டுகிறவனுக்கும் தெரியாது. சும்மா உட்கார்ந்திருப்பவனைத்தான் அது பிடிக்கும். அதிலும் பரணில் காற்று கீழே இருந்தும் வரும். கம்புகளின் இடைவெளி வழியாக வந்து, மனிதன் எதிர்பார்க்காத இடத்தில் தொடும்.

நான் செய்யாத வித்தை இல்லை. முதல்நாள் கல்ஃபில் இருந்து வந்த கம்பளியைக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கும், பெரிய புலிப்படம் போட்டது. பனியில் நனைந்து அது ஒரு எருமைக்கன்றின் கனம் கனத்தது. காலையில் அதை மரத்திலிருந்து இறக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்தேன். சூடு நன்றாகவே நின்றது. ஆனால் மூச்சு விட்டால்கூட சரசரவென்று சத்தம். ராஜகுமார் என்னை முறைத்த முறைப்பில் ஒவ்வொரு தாளாக உருவிப் போட்டுவிட்டேன்.

சுக்குப் போட்டு, பால் விடாத கட்டன் சாயா ஃபிளாஸ்க் நிறைய கொண்டுபோனதும் உண்டு. குடிக்கிறபோது சொர்க்கம். அரை மணி நேரம் கழித்து மரத்திலிருந்து இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் வேட்டை கெட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பன்றியைச் சுடுவது குற்றம் என்பது அன்றைக்கும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஏறினேன். இந்தக் கதையில் பின்னால் நான் வாயை மூடிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் விளை

லீலா அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். அம்மா போனபிறகு எனக்குச் சோறு போட்டதும் அடி போட்டதும் அவள்தான். இந்தத் தொடரை விடாமல் படிக்கிறாள். வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் என் பக்கத்தைத்தான் திருப்புவாள். சாயங்காலம் போன் வரும்.

பாராட்ட இல்லை, திருத்த. மூன்று வாரத்துக்கு முன்னால் புயலில் கடைக் கண்ணாடி உடைந்ததைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தேன். அன்று சாயங்காலமே போன் வந்தது. "லேய், அது புயலுக்கு ஒடஞ்சதில்ல. நீ ஏணிய சாய்ச்சதுக்காக்கும். மறந்து போச்சா?" என்றாள். மறக்கவில்லை. நாற்பது வருஷமாக எல்லோரிடமும் புயல் என்று சொல்லிச் சொல்லி, புயல் என்றே ஆகிவிட்டிருந்தது.

பேச்சிப்பாறைக்கு மேலே இருந்த விளை அத்தானுடையது. சரிவின் மேல்பாகம் முழுக்க ரப்பர் கன்று வைத்தார். கீழே தண்ணீர் ஓரத்துத் துண்டில் மரச்சீனி. இரண்டுக்கும் நடுவில் எல்லைக்காவல்போல அந்த அயனி மரம். கன்று வைத்த இரண்டாம் வருஷம் அத்தான் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

ரப்பர் பால் கொடுக்க ஏழு வருஷம் ஆகும். அக்கா மீதி ஐந்து வருஷத்தையும் மரச்சீனியை வைத்துத்தான் ஓட்டினாள். ஒவ்வொரு மாதமும் பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு மரத்தையும் கையால் சுற்றிப் பிடித்துப் பருமன் பார்த்துவிட்டு வருவாள். அத்தான் கையால் வைத்த மரங்கள் என்பதால் அவற்றைப் பற்றி ஆளைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாள்.

மரம் வெட்டுக்கு வந்ததும், பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தங்கையனை வைத்தாள். முன்பு அத்தானோடு சேர்ந்து அந்தக் கன்றுகளுக்கெல்லாம் குழி தோண்டியவனும் அவன்தான். ஒல்லியான ஆள், என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுச் சபைக்குப் போவான். மற்ற நாட்களில் தலையில் விளக்கு, இடுப்பில் வெட்டுக்கத்தி, வாயில் பீடி.

அந்த முதல் வருஷத்திலேயே பன்றிகள் மரச்சீனியைக் கிளற ஆரம்பித்தன. ஒரே விடியற்காலையில் பாதி விளை உழுதுபோட்ட மாதிரி கிடந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்துத்தான் நான் ராஜகுமாரைக் கூப்பிட்டேன்.

தங்கையனின் சட்டை

மூன்று நாள் உட்கார்ந்தும் ஒரு பன்றியும் அருகில் வரவில்லை. நான்காம் நாள் பகலில் தங்கையன் சிரித்துக்கொண்டே காரணம் சொன்னான். எங்கள் சோப்பு வாசனையும் தலையில் தேய்த்த எண்ணெய் வாசனையும் அணைக்கு அக்கரைவரைக்கும் போகிறதாம்.

பன்றிக்குக் கண் மட்டம், மூக்குதான் எல்லாம். ஆனால் பால்வெட்டுகிறவனைக் கண்டு அது ஓடாது. தினமும் விடியற்காலையில் அந்த வாடையோடு ஒருத்தன் மரத்துக்கு மரம் போய்க்கொண்டேதான் இருக்கிறான், ஒரு தொந்தரவும் செய்வதில்லை. அது அந்த வாடைக்குப் பழகிவிட்டது.

அப்படிச் சொல்லிவிட்டு, கொட்டகைக்குள் போய்த் தன் பழைய வெட்டுச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். வருஷக்கணக்காகப் பால் தெறித்துத் தெறித்து, உறைந்து, சட்டை தோல் மாதிரி ஆகியிருந்தது. தரையில் நிறுத்தினால் நிற்கும். ஒட்டுப்பாலின் அந்த அழுகல் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆனால் என்ன ஒரு சூடு! ரப்பர் படிந்த துணிக்குள் ஊசிமுனைக் காற்றுகூட நுழையவில்லை. மார்பும் முதுகும் வீட்டுக்குள் இருப்பது போல இருந்தது. தங்கையன் வேறு சட்டை இல்லாமல் பனியன்மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வேலை செய்ததை நான் பார்த்தேன். கேட்டதற்கு, நடக்கிறவனுக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டான்.

மார்புக்கு வழி பிறந்தது. கையும் காலும் பாக்கி. கை விறைத்துப்போய் டார்ச்சின் பொத்தானை அமுக்க முடியவில்லை. சட்டியில் கனல் கொண்டுபோனால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. சிரட்டைக் கனலுக்குப் புகையும் கிடையாது.

தங்கையனிடம் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"தீயக் கொண்டு மேல ஏறப்பிடாது அண்ணே. இலை கொழியுத காலமாக்கும். ஒரு பொறி விழுந்தா போரும்."

ரப்பர் மரம் தை மாதத்தில் மொத்த இலையையும் கொட்டிவிடும். கணுக்கால் புதைகிற அளவுக்குச் சருகு. மேலே பனியில் நனைந்திருந்தாலும் அடியில் மொறுமொறுவென்று கிடக்கும். அந்த மாதத்தில் தோட்டத்துக்குள் வருகிறவர்கள் தீக்குச்சியைக்கூட எச்சில் தொட்டு அணைத்துத்தான் போடுவார்கள். எனக்கும் அது தெரியும். பெயிண்ட் கடைக்காரன்தானே, தீயைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற மிதப்பும் இருந்தது.

சரி, கொண்டுபோக மாட்டேன் என்று அவனிடம் சொன்னேன். மறுநாள் கொண்டுபோனேன்.

முழங்கால் இடித்த நேரம்

சட்டியை ஊதிவிட்டபோது ஒரு பொறி வெடித்துச் சட்டையில் விழுந்தது. ரப்பர் கருகி, மிளகு அளவுக்கு ஒரு பொத்தல். தட்டிவிட்டுக்கொண்டேன். ராஜகுமாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிக் குளிர் காய்ந்தான். அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தோம்.

கிழக்கே லேசாக வெளுக்கிற நேரத்தில் பன்றி வந்தது. முதலில் மூச்சுச் சத்தம். பிறகு மரச்சீனித் தண்டு முறிகிற சத்தம். ராஜகுமார் என் தொடையில் விரலால் தட்டினான். அதுதான் சைகை.

டார்ச்சைத் தூக்கினேன். தூக்குகிற வேகத்தில் முழங்கால் சட்டியில் இடித்தது. சட்டி சாய்ந்தது. கம்புகளின் இடைவெளி வழியாகக் கனல் மொத்தமும் கீழே கொட்டியது. ஒரு கணம் அது பார்க்க அழகாகக்கூட இருந்தது.

பன்றிகள் ஒரே ஓட்டமாகத் தண்ணீர்ப் பக்கம் ஓடிப்போயின. ராஜகுமார் சுடவே இல்லை. நாங்கள் அவசரமாக இறங்கி, செருப்புக் காலால் கனலை மிதித்தோம். ஃபிளாஸ்கில் இருந்த சாயாவை ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி வந்து அடங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்கும் சிவப்பு தெரியவில்லை.

அயனி மரத்தின் வேர்ப் பொந்துக்குள் நான் பார்க்கவில்லை. குனிந்து கையை விட்டுத் துழாவியிருந்தால் தெரிந்திருக்கும். குளிரில் குனிய முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வெளிச்சம் வருவதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டோம். வழியில் தங்கையன் எதிரே வந்தான். நாங்கள் போன பிறகு வந்து வெட்டுவதாக அவனோடு ஏற்பாடு. ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டுச் சிரித்துவிட்டு மேலே ஏறிப் போனான்.

மதியம்

வெயில் ஏறி, பனி காய்ந்து, மலைக்காற்று இறங்குகிறவரை அந்தக் கனல் பொந்துக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. மதியம் கடையில் இருந்தேன். அக்காவின் போன். "லேய், விளையில தீ" என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ராஜகுமாரின் ஜீப்பில் நான் போய்ச் சேரும்போது தீ அணைந்திருந்தது. பெரிய தீ இல்லை. முழங்கால் உயரம்கூட எழும்பவில்லையாம். சருகைத் தின்றுகொண்டே சரிவில் ஏறியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தார் பச்சைக் கொப்புகளை ஒடித்து அடித்து அணைத்திருக்கிறார்கள். மரங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

தப்பித்தது என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கையன் மட்டும் சொல்லவில்லை. அவன் ஒரு மரத்தின் அடியில் குந்தியிருந்தான். பட்டை வெடித்து, வெடிப்பு வழியாகப் பால் தானாக வழிந்துகொண்டிருந்தது. அவன் அதைத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தான்.

யாரோ கேட்டார்கள், காலையில் தோட்டத்தில் யார் இருந்தது என்று. நான்தான் என்றான் தங்கையன், எங்கள் வேட்டையைக் காட்டிக்கொடுக்காமல். பீடி குடித்தாயா என்று அடுத்த கேள்வி.

"குடிச்சேன். அணச்சிட்டுதான் போட்டேன்" என்றான்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்கையன் என்னைப் பார்த்தான். சாட்சிக்குப் பார்க்கிற பார்வை இல்லை அது. கனலைக் கொண்டுபோக மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன், அவன் அதை நம்பியிருந்தான். தெரிந்த முகம் ஒன்று வேண்டியிருந்தது அவனுக்கு, அவ்வளவுதான்.

ராஜகுமார் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். வாயைத் திறந்தால் இரண்டு பேரும் உள்ளே, ஜீப்பும் போகும் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் சொல்லியிருக்காவிட்டாலும் திறந்திருக்க மாட்டேன்.

இலை வருகிற மாதம்

இலையுதிர்ந்த காலத்தில் ரப்பர் மரத்தைப் பார்த்தால் உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எல்லாத் தோட்டமும் ஒரே மாதிரி மொட்டையாகத்தான் நிற்கும். மாசியில் தளிர் வந்தால்தான் தெரியும்.

வாரம் ஒருமுறை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று அண்ணாந்து பார்ப்பாள். கழுத்து வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். நான் பின்னால் நடப்பேன்.

மாசி பிறந்தது. மேலே உள்ள தோட்டத்தில் செம்புநிறத் தளிர். வலது பக்கத்துத் தோட்டத்திலும் வந்தது. மலை முழுக்கச் சிவந்து, பிறகு பச்சையானது. நடுவில் அக்காவின் விளை மட்டும் தையிலேயே நின்றது.

பட்டைக்குள்ளேயே பால் வெந்துபோய்விட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அக்கா பங்குனி வரைக்கும் காத்திருந்தாள். அதுவரைக்கும் தங்கையனும் தினமும் வந்துகொண்டிருந்தான், வெட்ட மரம் இல்லாமலே. களை எடுப்பான், வரப்பைச் சரி செய்வான்.

ஒருநாள் அக்கா அவனைக் கூப்பிட்டாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நான் குறுக்கே விழுந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் ரொம்ப மெதுவாகத்தான் பேசினாள்.

"தங்கையா, இனி நீ வரண்டாம். உன்னக் காணும்போ எனக்கு மரம் ஓர்மைக்கு வருது."

அவன் தலையை ஆட்டினான். வெட்டுக்கத்தியைக் கொட்டகைச் சுவரில் சொருகி வைத்துவிட்டுப் போனான். பக்கத்துத் தோட்டங்களிலும் அவனுக்குப் பிறகு வேலை கிடைக்கவில்லை. சருகுக் காலத்தில் பீடி குடிப்பவன் என்று பேராகிவிட்டால் மலையில் எவன் சேர்ப்பான்? நான் கருங்கல்லில் உட்கார்ந்து பெயிண்ட் விற்றுக்கொண்டிருந்தேன்.

பட்ட மரங்களை விறகுக்கு வெட்டிப் போட்டுவிட்டு அக்கா நிலத்தை அன்னாசி போட யாருக்கோ குத்தகைக்கு விட்டாள். இப்போது அந்த மலைப்பக்கமே அவள் போவதில்லை.

புதுக்கடையில் ஒரு கல்யாணம்

ராஜகுமார் போன வருஷம் மஞ்சள்காமாலையில் இறந்தான். துப்பாக்கியை எப்போதோ தொலைத்துவிட்டான். இனி உள்ளே போகிறவர்கள் யாரும் இல்லை. அப்படியும் நான் பேசவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த மார்கழியில் புதுக்கடை என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போனேன். மண்டப வாசலில் காவல்காரர், ஆளைவிட இரண்டு அளவு பெரிய காக்கிச் சட்டை. நான் காரைவிட்டு இறங்கியதும் எழுந்து சல்யூட் வைத்தார். வைத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிந்தது. தங்கையன்.

ஆள் பாதியாகியிருந்தான். வெயிலில் நின்றுகொண்டே கையைக் கையோடு தேய்த்துக்கொண்டிருந்தான், இப்பமெல்லாம் குளிர் தாங்கவில்லை என்றான். முதலில் கேட்டது அக்காவைப் பற்றி. இரண்டாவது, விளையில் மரம் ஏதாவது துளிர்த்ததா என்று. நான் பந்தியில் உட்கார்ந்தேன். வைத்த இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தேன்.

அந்தச் சட்டை என் வீட்டில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. கார் ஷெட்டில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது. அடுத்த வாரம் அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தங்கையன் மகளோடு இருக்கிற வீட்டைத் தேடிப் போனேன்.

பொத்தல்

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மகள் கட்டன் சாயா தந்தாள். நான் குடிக்காமல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கனல், சட்டி, முழங்கால் இடித்தது, பொந்து. ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போதே நான் அழுதுவிட்டேன். அவன் அழவில்லை. பிள்ளை ஒன்று கீழே விழுந்துவிட்டு வந்து நிற்பதைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நீரு நல்ல மனசுக்காரரு. என்னத் தேத்துகதுக்கு சொல்லுதீரு."

இல்லை தங்கையா, உண்மையாகவே நான்தான் என்றேன். அவன் பொறுமையாகத் தலையை ஆட்டினான்.

"மொதல்ல நானும் அணச்சேன்னுதான் நெனச்சேன். பெறவு கெடந்து யோசிச்சேன். அணச்சது அண்ணைக்குள்ள பீடியா, முந்தின நாளு பீடியா? அத்தன பேரு சொல்லுதான், அம்புட்டு பேரும் பொய்யா சொல்லுவான்? இப்பம் எனக்கு நல்ல ஓர்மையிருக்கு அண்ணே. மூணாவது வரியில, சாஞ்சு நின்ன மரத்துக்க கீழ. கையில இருந்து விழுந்தது கண்ணுல நிக்கி."

விரலைப் பிரித்து, பீடி விழுந்ததைக் காட்டினான். அவ்வளவு தெளிவாகக் காட்டினான்.

மகள் கதவோரம் நின்று சொன்னாள், அப்பா எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சபையில் முழங்கால் போட்டு இதைச் சொல்லித்தான் ஜெபிக்கிறார் என்று. பீடியை அன்றைக்கு விட்டவர்தானாம். அத்தனை வருஷம், வாரம் தவறாமல், என் பாவத்துக்கு அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

என் கையில் அத்தாட்சி இருந்தது. பையிலிருந்து சட்டையை எடுத்து விரித்தேன். மிளகு அளவுப் பொத்தலில் விரலை வைத்துக் காட்டினேன். இதைப் பார், அன்று கனல் வெடித்து விழுந்த இடம் என்றேன்.

அவன் சட்டையை வாங்கி மடியில் போட்டுத் தடவினான். பழைய சட்டையைப் பார்த்ததும் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. பொத்தலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"இது எனக்க பீடி பட்டதாக்கும். எனக்க எல்லாச் சட்டையிலயும் உண்டும்."

பிறகு அதை மெதுவாக மடித்தான். விறைத்த துணி மடங்க மறுத்தது, முழங்காலில் வைத்து அழுத்தி மடித்தான். என் கையில் திரும்பக் கொடுத்தான்.

"நீரே வச்சிக்கிடும் அண்ணே. மேல குளிரும்."

வியாழக்கிழமை

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தங்கையனைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தேன். "பாவம், அவன நான் எப்பவோ மன்னிச்சாச்சி" என்றாள். சொல்லிவிட்டு எனக்குத் தோசை சுட எழுந்து போனாள். நான் தோசையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

நேரில் சொல்ல முடியாததை இங்கே எழுதியிருக்கிறேன். அக்கா, உன் மரங்களைக் கொன்றது நான். வரண்டாம் என்று நீ சொல்லியிருக்க வேண்டியது என்னிடம்தான். மன்னிக்க வேண்டாம். தங்கையனுக்கு ஒரு போன் போட்டு, அது அவன் இல்லை என்று மட்டும் சொல். நீ சொன்னால் ஒருவேளை நம்புவான்.

வருகிற வியாழக்கிழமை பத்திரிகை வரும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதைப் படிப்பாள். சாயங்காலம் போன் அடிக்கும். அவள் அழுதாலும் திட்டினாலும், இனி என் முகத்தில் முழிக்காதே என்றாலும் கேட்டுக்கொள்வேன்.

எனக்கு இருக்கிற பயம் வேறு. வழக்கம்போலத் திருத்துவதற்குத்தான் கூப்பிடுவாள் என்று மனசு சொல்கிறது. "லேய், அது தங்கையனுக்க பீடியாக்கும், மறந்து போச்சா?" என்பாள்.